சோர்வும் சோம்பலும்

உடலைப் பேணுதல் அறத்தின் பகுதியா, அன்றி உடற்பற்றின் பகுதியா என்னும் வினா நம் சமயத்தில் மிகப் பழமையானது. உடல் வேறு, ஆன்மா வேறு என்று நாள்தோறும் சிந்திக்கும் நாம், அந்த உடலுக்காக விடியலில் எழுந்து நடப்பதும் கைகால்களை நீட்டி மடக்கிப் பயில்வதும் தேவைதானா என்று கேட்பது இயல்பே. இவ்வினா இன்று நம் இல்லங்களில் வேறொரு வடிவில் எழுந்து நிற்கிறது. பிழைப்புக்கான வேலையே உடலின் வலிமை முழுவதையும் எடுத்துக்கொண்ட பின், உடலைப் பேணுவதற்கு வலிமை எங்கிருந்து வரும்?

வந்தவாசி, ஆரணி, செய்யாறு, காஞ்சிபுரம் வட்டாரங்களிலிருந்து இளைஞர்களும் இளம்பெண்களும் பெருந்தொகையாக ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பகுதிக்கு வேலைக்குச் செல்கின்றனர். நம் குடும்பத்துப் பிள்ளைகளும் அவர்களுள் உண்டு. ஏரிப் பாசனமும் நெல்வயலுமாக இருந்த அந்நிலத்தில், 1998இல் இருங்காட்டுக்கோட்டைக் கார் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் மற்றொரு பெரிய கார் தொழிற்சாலை திறக்கப்பட்டது. சுங்குவார்சத்திரத்தைச் சுற்றிக் கைப்பேசியும் வீட்டுச் சாதனங்களும் செய்யும் ஆலைகள் பெருகின. இவற்றால் நம் பிள்ளைகளுக்கு மாதச் சம்பளம் கிடைத்தது. பெண் பிள்ளைகளின் கையில் அவர்களே ஈட்டிய பணம் வந்தது. இந்நன்மையை மறுப்பதற்கில்லை.

அவர்களுள் காலை ஆறு மணி ஷிப்டுக்குச் செல்லும் ஒரு பெண்ணின் நாளைக் கணக்கிட்டுப் பார்ப்போம். இடைவேளை உட்பட ஆலைக்குள் எட்டரை மணி நேரம். கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருப்பதும் போவதும் வருவதுமாக மூன்று மணி நேரம். உறக்கத்துக்கு ஏழு மணி நேரம் ஒதுக்கினால் மிஞ்சுவது ஐந்தரை மணி நேரம். குளியல், உணவு, துணி துவைத்தல், வீட்டு வேலை, வழிபாடு அனைத்தும் அதற்குள் அடங்க வேண்டும். இரண்டு மணி நேர ஓவர்டைம் சேர்ந்தால் அதுவும் மூன்றரையாகக் குறைந்துவிடும். ஷிப்டு மாறும் வாரங்களில் உறக்கமே நிலைகுலையும்.

இப்பெண் வீடு திரும்பியதும் படுத்துவிடுகிறாள். மருத்துவர் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார். "நாள் முழுவதும் நின்ற கால் இது, இனி எங்கே நடப்பது?" என்கிறாள் அவள். "உன் வயதில் நாங்கள் நாற்று நட்டுவிட்டு வந்து நெல்லும் குத்தினோம். இது சோம்பல்" என்கிறார் பாட்டி. "உழைக்கிற உடம்புக்குத் தனியாகப் பயிற்சி எதற்கு?" என்கிறார் தந்தை. மூவர் சொல்லிலும் ஓரளவு உண்மை உண்டு. மூன்றையும் பிரித்து ஆராய்வது நம் கடமை.

சோர்வு வேறு, சோம்பல் வேறு

நம் ஆசாரியர்கள் இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதவில்லை. பிரமாதம் என்பது வினை வந்து கட்டுவதற்கான காரணங்களுள் ஒன்று. பதினைந்து வகைப் பிரமாதங்களுள் நித்திரையும் சேர்க்கப்பட்டிருப்பதைச் சுட்டி, தூங்குகிற பிள்ளையைப் பெரியோர் கடிந்துகொள்வதுண்டு. ஆனால் பிரமாதம் என்றால் என்ன? நற்செயல்களின்பால் மதிப்பும் ஆர்வமும் இல்லாதிருத்தலே பிரமாதம் என்று தத்துவார்த்த சூத்திரத்துக்கு உரை கண்ட பூஜ்யபாதர் விளக்குகிறார். நடக்க வேண்டும் என்று விரும்பியும் கால் எழாமல் கிடக்கும் பெண்ணிடம் அந்த ஆர்வக் குறைவு இல்லை. அவளிடம் குறைந்திருப்பது வலிமை.

அவ்வலிமைக் குறைவுக்கும் நம் நூல்களில் தனிப் பெயர் உண்டு. எண்வினைகளுள் இறுதியாகக் கூறப்படும் அந்தராய கர்மம் ஐவகைப்படும். அவற்றுள் ஐந்தாவது வீரியாந்தராயம். ஆன்மாவின் இயல்பான ஆற்றலை வெளிப்பட விடாமல் தடுப்பது அது. அது எவ்வளவு செறிந்திருப்பினும் எந்த உயிரிடத்தும் வீரியம் முற்றிலும் மறைந்துவிடுவதில்லை என்பதும் நம் கொள்கை. எனவே சோர்ந்தவர்க்கும் சிறிதளவு ஆற்றல் எஞ்சியே இருக்கும். அதனை எவ்வாறு செலவிடுவது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குக் கற்பித்த முதற்பாடங்களுள் ஒன்று இதற்குப் பொருந்தும். வகுப்பில் தூங்கி விழும் பிள்ளையைக் கண்டால் முதலில் "சாப்பிட்டாயா?" என்று கேள், அதன் பின்னர் "ஏன் படிக்கவில்லை?" என்று கேள் என்பார்கள். சோர்ந்து வரும் மகளிடமும் மருமகளிடமும் இவ்வரிசையில்தான் வினவ வேண்டும்.

சோர்வு பல வேளைகளில் நோயின் அறிகுறியாகவும் இருக்கும். 2019–21 ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் பாதிக்கும் மேற்பட்டோர்க்கு இரத்தசோகை இருந்தது. கருவுறாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழ் இருந்தால் அது இரத்தசோகை. புலால் உண்ணாத நம்மவர்க்கு இரும்புச்சத்து காய்கறி, தானியங்களிலிருந்தே கிடைக்கிறது. அவ்வகை இரும்பு உடலில் எளிதில் சேர்வதில்லை. கீரையும் பயறும் உண்ணும்போது எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் அது நன்கு உட்கொள்ளப்படும். உணவோடு காபியோ தேநீரோ அருந்தினால் தடைப்படும். சோர்வு பல வாரங்கள் நீடிக்குமானால், உடற்பயிற்சியைப் பற்றிப் பேசுமுன் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதே முறை. தைராய்டு குறைபாடும் இவ்வாறே மறைந்திருந்து வாட்டும்.

உழைப்பும் பயிற்சியும்

"உழைக்கிற உடம்புக்குப் பயிற்சி எதற்கு?" என்னும் தந்தையின் கேள்வி நெடுநாள் அறிவுடையதாகவே கருதப்பட்டது. இக்கால ஆராய்ச்சி வேறு விடை தருகிறது. டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வொன்றின் முடிவு 2021இல் வெளியாயிற்று. ஓய்வு நேரத்தில் உடலை இயக்கியவர்களுக்கு மாரடைப்பு போன்ற இதய நோய்களின் அபாயம் குறைந்திருந்தது. வேலையிடத்தில் கடுமையாக உடலுழைத்தவர்களுக்கோ அது கூடியிருந்தது. புகைப்பழக்கம், வருமானம், கல்வி முதலியவற்றைக் கணக்கில் கொண்ட பின்னரும் இவ்வேறுபாடு நீங்கவில்லை.

இதன் காரணத்தை ஆய்வாளர்கள் இவ்வாறு கருதுகின்றனர். பயிற்சியில் உடல் சிறிது நேரம் முழு மூச்சுடன் இயங்கி, பின்பு இளைப்பாறுகிறது. இதயம் அதனால் வலுப்பெறுகிறது. ஆலை வேலையில் உடல் நெடுநேரம் ஒரே நிலையில் நிற்கிறது, அல்லது ஒரே அசைவை ஆயிரம் முறை திரும்பச் செய்கிறது. இளைப்பாறல் போதுமான அளவு கிடைப்பதில்லை. அசையாமல் நிற்கும் காலில் இரத்தம் கீழே தேங்கும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து அவ்விரத்தத்தை மேலே செலுத்தும். நின்றபடியே இருந்தால் அவ்வேலை நடைபெறாது. பத்தாயிரம் நொடி நின்ற கால், பத்து நிமிடம் நடந்த கால் ஆகாது. நாற்று நட்ட பாட்டி குனிந்தார், நிமிர்ந்தார், வரப்பில் நடந்தார், களைத்தபோது மர நிழலில் அமர்ந்தார். வேலையின் வேகத்தை ஓரளவேனும் அவரே வகுத்தார். லைனில் நிற்கும் பெயர்த்தியின் வேகத்தை இயந்திரம் வகுக்கிறது.

நம் வழிபாட்டில் நிற்றலுக்கு உள்ள இடத்தை இங்கே எண்ணிப் பார்க்கலாம். பாகுபலி பகவான் காயோத்சர்கத்தில் நின்ற நிலையைச் சரவணபெளகுளத்தில் நாம் வணங்குகிறோம். அந்நிற்றலில் உடலின் மீதுள்ள பற்று விடப்படுகிறது. நிற்பவர் தம் விருப்பத்தால் நிற்கிறார். லைனில் நிற்பவளை அதனோடு ஒப்பிட்டு, "இதுவும் தவமே" என்று ஆறுதல் கூறுவது சரியன்று. பிறர் சுமத்திய துன்பம் தவமாகாது.

சக்திக்கேற்ற தவம்

தீர்த்தங்கரத் தன்மைக்கு ஏதுவான ஷோடச பாவனைகளுள் சக்திக்கேற்ற தியாகமும் சக்திக்கேற்ற தவமும் இடம்பெறுகின்றன. தவம் உயர்ந்தது என்பதால் அளவின்றிச் செய்க என்று நம் நூல்கள் கூறவில்லை. சக்திக்கு ஏற்ப என்னும் வரம்பை உடன் வைத்தன. தன் வீரியத்தை ஒளிக்காமலும் நன்னெறிக்கு முரணாகாமலும் செய்வதே தவம் என்பது பூஜ்யபாதர் தரும் விளக்கத்தின் கருத்து. உடற்பயிற்சிக்கும் இதுவே அளவுகோல். உள்ள வலிமையை ஒளித்து வைக்கவும் கூடாது. இல்லாத வலிமையை நாளைய உறக்கத்திலிருந்து கடன் வாங்கவும் கூடாது.

சிறிய தொடக்கத்தால் பயன் உண்டா என்று ஐயுறுவோர்க்கு இரு செய்திகள் உதவும். அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில், எப்போதும் களைப்பாக இருப்பதாகக் கூறிய, பயிற்சிப் பழக்கமற்ற 36 இளைஞர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2008இல் வெளியாயிற்று. ஒரு குழுவினர் வாரம் மூன்று நாள், 20 நிமிடம், மெதுவாகச் சைக்கிள் மிதித்தனர். மற்றொரு குழுவினர் சற்றுக் கடுமையாக மிதித்தனர். ஆறு வாரங்களில் இரு குழுவினர்க்கும் உற்சாகம் ஏறத்தாழ 20 சதவீதம் உயர்ந்தது. களைப்போ, மெதுவாக மிதித்தவர்களுக்கு 65 சதவீதமும், கடுமையாக மிதித்தவர்களுக்கு 49 சதவீதமும் குறைந்தது. களைத்தவர்க்கு மென்மையான பயிற்சியே கூடுதல் பயன் தந்தது. அதே பல்கலைக்கழகத்தின் 2017ஆம் ஆண்டு ஆய்வொன்றில், உறக்கம் குறைந்த இளம்பெண்கள் பத்து நிமிடம் இயல்பான வேகத்தில் படியேறி இறங்கினர். சிறிதளவு காபி தரும் தெம்பைவிட அது சற்றே மேலாக இருந்தது.

உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான இயக்கத்தைப் பரிந்துரைக்கிறது. இவ்வெண்ணைக் கேட்டு மலைக்க வேண்டியதில்லை. தொடர்ந்து பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று முன்பு இருந்த விதியை அந்நிறுவனம் 2020இல் கைவிட்டது. சில நிமிட இயக்கமும் பயனுடையதே.

இவற்றைக் கொண்டு ஷிப்டு வேலை செய்வோர் தமக்கேற்ற ஒழுங்கை வகுத்துக்கொள்ளலாம். காலை ஷிப்டு முடிந்து வருவோர், படுக்குமுன் பத்து நிமிடம் தெருவிலோ மாடியிலோ நடக்கலாம். படுத்த பின் எழுவது கடினம். பிற்பகல் ஷிப்டுக்குச் செல்வோர், வேலைக்குப் போகுமுன் நடப்பதே நல்லது. இரவு பதினொரு மணிக்குத் திரும்பிய பின் நடை வேண்டா. பாதுகாப்பும் இல்லை, உறக்கமும் தள்ளிப்போகும். இரவு ஷிப்டு முடித்தவர்க்கு முதற்கடமை உறக்கமே. எழுந்த பின்னர் மாலை வெளிச்சத்தில் இயங்கலாம். இடைவேளையில் குதிகாலை இருபது முறை உயர்த்தி இறக்குவது, தோளையும் மணிக்கட்டையும் சுழற்றுவது, சுவரில் கைவைத்து உடலைத் தள்ளுவது ஆகியவற்றுக்குத் தனி இடமோ தனி உடையோ வேண்டா. உறங்குமுன் ஒன்பது முறை பஞ்ச நமஸ்கார மந்திரத்தை இருபத்தேழு மூச்சில் நினைந்து காயோத்சர்கம் செய்வது நம் முன்னோர் தந்த இளைப்பாறல். நடப்பவர் முனிவரின் ஈர்யா சமிதியை நினைந்து, நான்கு முழ தூரம் முன்னே பார்த்து, சிற்றுயிர்களை மிதியாமல் நடந்தால் அந்நடையும் அறமாகும்.

நோன்பைப் பற்றியும் ஒரு சொல். பொழுது சாய்ந்த பின் உண்ணாமை நம் குலத்தின் அணி. பிற்பகல் ஷிப்டில் இருப்பவர் அதனைக் காக்க விரும்பினால், சூரியன் மறையுமுன் வரும் இடைவேளையில் வயிறு நிறைய உண்ணும்படி வீட்டிலிருந்தே உணவைக் கட்டித் தர வேண்டும். ஒரு பிஸ்கட்டும் தேநீரும் கொடுத்து அனுப்பிவிட்டு, மறுநாள் பயிற்சி செய்யவில்லையே என்று குறைகூறுவது பொருந்தாது. விரதத்தைப் பிள்ளைகள் மேற்கொள்ளும்போது, அதைத் தாங்கும் வசதியைச் செய்து தருவது குடும்பத்தின் பொறுப்பு.

சுமத்துவோரின் கடமை

இதுவரை சோர்ந்தவர் செய்யத்தக்கதைக் கூறினோம். இத்துடன் நிறுத்தினால் பாதி அறமே கூறியதாகும். தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் அகிம்சை அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களைத் தொகுக்கிறது. கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சேதித்தல் ஆகியவற்றோடு, அளவுக்கு மேல் பாரம் ஏற்றுதலும், உணவையும் நீரையும் தடுத்தலும் அவற்றுள் அடங்கும். மாட்டின் மீது மிகுபாரம் ஏற்றுவதையே விரதத்துக்கு மாசு என்று விலக்கிய சமயம் நம்முடையது. மனிதர் மீது ஏற்றும் மிகுபாரத்தை அது எவ்வாறு பொறுக்கும்?

வேலை நேரம் என்பது கணக்கு மட்டுமன்று, அறமும் ஆகும். 1918இல் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது, மில் தொழிலாளர் கூறிய குறைகளுள் உணவு இடைவேளை போதவில்லை என்பதும் ஒன்று. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டியது. ஐந்து மணி நேர வேலைக்குள் அரைமணி இடைவேளை வேண்டும் என்றது. நின்று வேலை செய்வோர் வாய்ப்புக் கிடைக்கும்போது அமர இருக்கை வேண்டும் என்றும் விதித்தது. 2023 ஏப்ரலில், நாளொன்றுக்கு 12 மணி வரை வேலை வாங்க வழிசெய்யும் திருத்த மசோதா தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. பலத்த எதிர்ப்புக்குப் பின் மே முதல் நாளன்று அது திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார்.

தங்குமிடமும் இதில் அடங்கும். 2021 டிசம்பரில், கைப்பேசி ஆலையொன்றின் பெண் தொழிலாளர் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். அப்பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து நியாயம் கேட்டனர். நெருக்கடியான அறைகளில் அவர்கள் தரையில் படுத்திருந்ததும் அப்போது வெளிவந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பு ஏறத்தாழ 707 கோடி ரூபாய்ச் செலவில் திறக்கப்பட்டது. நல்ல உணவும் தனிப் படுக்கையும் கிடைத்தால்தான், மறுநாள் காலையில் நடப்பது பற்றி ஒரு பெண் எண்ணவே இயலும்.

ஆலைகளை மட்டும் குறைகூறி நாம் தப்பிவிட முடியாது. 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடுவோருள் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் செலவிட்டனர். ஷிப்டு முடிந்து வரும் மருமகள் நேரே அடுக்களைக்குள் போகிறாள். அதே பஸ்ஸில் வந்த மகன் நாற்காலியில் அமர்கிறான். பாத்திரம் துலக்குவதையும் துணி உலர்த்துவதையும் அவன் ஏற்றுக்கொண்டால் அவளுக்கு அரைமணி நேரம் கிடைக்கும். உடற்பயிற்சி செய் என்று ஆயிரம் முறை அறிவுரை கூறுவதைவிட அந்த அரைமணி நேரத்தை அளிப்பதே மேலான உபகாரம். பிறர்க்குத் தடை செய்வதே அந்தராய வினை வந்து சேர்வதற்குக் காரணம் என்பது நம் ஆகமம். மற்றொருவரின் வலிமையை வெளிப்பட விடாமல் தடுக்கிறவர், தமக்கே வீரியாந்தராயத்தைத் தேடிக்கொள்கிறார்.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இனி விடை கூறலாம். முனிவர்கள் உணவு கொள்வதை, வண்டியின் அச்சுக்கு எண்ணெய் இடுவதற்கு ஒப்பிடுவர். வண்டியின் மீதுள்ள பற்றினால் எவரும் எண்ணெய் இடுவதில்லை. போய்ச் சேர வேண்டிய இடம் இருப்பதால் இடுகின்றனர். சாமாயிகம் செய்யவும், ஆகமம் கேட்கவும், முதியோரைப் பேணவும், தானம் அளிக்கவும் இவ்வுடலே கருவி. அதனைத் தேய்ந்தொழிய விடுவது பற்றின்மை ஆகாது. அதனை அலங்கரித்து மகிழ்வதும் பேணுதல் ஆகாது. இயங்கும் நிலையில் வைத்திருப்பதே நடுநிலை.

ஆகவே பாட்டிமாரும் தந்தைமாரும் இனிச் சோர்ந்து வரும் பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்வதற்குமுன், அவள் உண்டாளா, உறங்கினாளா, அவளுக்கென்று அரைமணி நேரம் இந்த வீட்டில் உண்டா என்று கேட்டறிவார்களாக. பிள்ளைகளும், எஞ்சியுள்ள சிறு வலிமையை ஒளிக்காமல், இன்று பத்து நிமிடம் என்று தொடங்குவார்களாக. தொடங்கிய பத்து நிமிடம், வீட்டார் துணைநின்றால், நாளடைவில் இருபதாகும்.